துணை என்பதைக் கிளை என்று படிக்கவும்

ஆறு மலையில் பிறந்து கடலில் சேர்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆற்று அளவைத் துறையில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே அதை மறந்துவிட வேண்டும். அங்கே ஆறு தாளில் பிறக்கும், கோப்பில் ஓடும், அரசிதழில் போய்ச் சேரும். அரசிதழில் சேர்ந்த ஆறு அதற்கப்புறம் இப்படி அப்படி அசையக் கூடாது.

அந்தத் துறையின் மூன்றாம் மாடியில், படம் வரையும் கூடத்தில், இருபத்துமூன்று வருஷமாக ஒரே மேசையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வரைவாளருக்கு அழியாக்கோடு என்று பெயர். அலுவலகம் வைத்த பெயர்தான். பெற்றவர்கள் வைத்தது வருகைப் பதிவேட்டோடு சரி. அவர் மேசையில் ரப்பர் கிடையாது, சுரண்டும் பிளேடு கிடையாது. போட்ட கோட்டை அவர் திரும்பத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவருதான்" என்று தூரத்திலிருந்து காட்டிவிட்டுப் போவார்கள். அவர் தலை நிமிர மாட்டார். ஆனால் முதுகு கொஞ்சம் நிமிரும்.

எழுபத்தொன்றாம் தாளில் இருந்தது ஒரு துணையாறு. வடக்கே மலையில் இரண்டு ஊற்றாகக் கசிந்து, கொஞ்ச தூரத்தில் ஒன்றாகி, வழியில் மூன்று ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு தெற்கே இறங்கும். பாதி வழியில் பெரிய பாறை ஒன்று குறுக்கே நிற்பதால் ஒரு வளைவு வளையும். வளைவின் வெளிப்பக்கத்தைத் தண்ணீர் அறுத்து அறுத்து மேடாக நிறுத்தியிருந்தது. உள்பக்கத்தில் மணலைக் கொண்டுவந்து கொட்டிப் பள்ளமாக விரித்திருந்தது. மேட்டில் ஒரு குடியிருப்பு, பள்ளத்தில் ஒரு குடியிருப்பு, நடுவில் பாலம். அதற்கும் கீழே போனால் பெரிய ஆறு. அதில் போய்க் கலந்தால் இந்த ஆற்றின் கதை முடிந்தது. பள்ளத்துக் குடியிருப்பில்தான் அழியாக்கோட்டின் அக்கா இருந்தாள். அத்தானுக்குப் பேருந்து ஓட்டும் வேலை. அந்தப் பாலத்தின் மேல் தினம் எட்டு நடை.

ஆற்றுக்குக் கரை இரண்டு. தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இருப்பது இடது கரை, வலக்கைப் பக்கம் வலது கரை. உலகம் முழுக்க இதுதான் கணக்கு. தாளில் வடக்கு மேலே இருப்பதால், தெற்கே இறங்கும் ஆறு வரைகிறவரைப் பார்த்து வரும். எதிரே வருகிற ஆளின் இடக்கை நமக்கு வலக்கைப் பக்கம் அல்லவா? ஆகவே வரைவாளர்கள் மூளைக்கு வேலை கொடுக்காமல், "நம்ம வலக்கை, ஆத்துக்கு இடக்கரை" என்று கைக்குப் பழக்கிவைத்திருந்தார்கள். இடக்கரைக்குப் பச்சை, வலக்கரைக்கு மஞ்சள். வலக்கையில் பச்சைத் தூரிகை, போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்த வாரம் அழியாக்கோட்டுக்கு இடுப்புப் பிடிப்பு. தாளின் தலைமாட்டில் இருந்த மலையை எட்டிக் குனிந்து வரைய முடியவில்லை. தாளைத் திருப்பி மலையைத் தன் வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து வரைந்தார். மலை அழகாக முடிந்தது. முடிந்த மகிழ்ச்சியில் தாளைத் திரும்பத் திருப்ப மறந்துபோய், பச்சைத் தூரிகையை எடுத்தார். வலக்கைப் பக்கம் பச்சை, இடக்கைப் பக்கம் மஞ்சள். கை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆறுதான் தலைகீழாகக் கிடந்தது.

தாள் அரசிதழுக்குப் போனது. நிறத்தைப் பார்த்து எழுத்தர்கள் ஊர்ப்பட்டியல் எழுதினார்கள். நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏன்டா, எங்களுக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு. நாங்க வலது கரையாம். வெள்ளம் வந்தா நாங்க ஒண்ணுமே பண்ண வேணாமாம், வீட்டுலயே இருக்கலாமாம். மேட்டுக்கரை ஆளுங்கதான் காலி பண்ணிட்டு இங்க எங்க பள்ளிக்கூடத்துக்கு வரணுமாம். உங்க அத்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. போன தடவ எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் தண்ணி வந்துது, மேட்டுல ஒரு செருப்புகூட நனையல. யாருடா இதையெல்லாம் எழுதறாங்க?"

அழியாக்கோடு, "பாக்கறேன்க்கா" என்று வைத்துவிட்டு எழுபத்தொன்றாம் தாளின் நகலை எடுத்து விரித்தார். பச்சை மேட்டில் இருந்தது. மஞ்சள் பள்ளத்தில் இருந்தது. வெள்ளப் பிரிவு என்று இன்னொரு பிரிவு உண்டு. அவர்கள் ஆற்றை நேரில் போய்ப் பார்த்து, 'இடது கரை தாழ்ந்தது, வெள்ளம் வந்தால் இடது கரையைக் காலி செய்து வலது கரைக்கு அனுப்புக' என்று சரியாகவே திட்டம் எழுதியிருந்தார்கள். அந்தத் திட்டம் இடது எது என்று அறிந்துகொள்ள அரசிதழைப் பார்க்கும். அரசிதழ் அவருடைய பச்சையைப் பார்த்திருந்தது.

அன்றைக்கே கண்காணிப்பாளரிடம் போனார். கண்காணிப்பாளர் கதவைச் சாத்தினார்.

"பிழைங்கற வார்த்தையக் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. சுவர் மெல்லிசு" என்றார். பிறகு விதிப்புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். "பிழை மூணு வகை. எழுத்துப் பிழை, அச்சுப் பிழை, படிக்கிறவங்க பிழை. உங்களுது எது?"

"நிறம் மாறிப்போச்சுங்க."

"அப்படி ஒரு வகை இல்லையே."

"நான் தாளைத் தலைகீழா வெச்சு வரைஞ்சிட்டேங்க. என் தப்புங்க."

"இருபத்துமூணு வருஷமா ரப்பரே தொடாத ஆள்னு உங்களைக் காட்டித்தான் நாங்க இந்தக் கூடத்துக்கு மதிப்பு வாங்கியிருக்கோம். இந்த ஒரு தாள் தப்புன்னா மத்த எழுபது தாளும் சந்தேகம். உங்களுக்காக நான் சொல்லல, ஆறுகளுக்காகச் சொல்றேன்."

விஷயம் ஏழு பேர் கொண்ட குழுவுக்குப் போனது. அரசிதழில் வந்த கரையை மாற்ற முடியாது என்பது முதல் கூட்டத்திலேயே ஒருமனதாக முடிவானது. எதை மாற்றலாம் என்று பார்க்க இன்னும் மூன்று கூட்டம் ஆயிற்று. மூன்றாவது கூட்டத்தில் ஓர் உறுப்பினர், இந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். பழைய கோப்புகளைத் தேடினார்கள். ஓட்டத் திசை என்ற கட்டத்தில், எந்தக் காலத்திலோ எவரோ, 'வழக்கம்போல' என்று எழுதிவைத்திருந்தார்.

"வழக்கம்னா யாரோட வழக்கம்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர். அந்தக் கேள்விக்காக அவரைப் பிறகு பாராட்டினார்கள்.

திசை பதிவாகவில்லை என்றால் திசை காலியிடம். காலியிடத்தை நிரப்புவது திருத்தம் ஆகாது. ஆறு தெற்கேயிருந்து வடக்கே, பெரிய ஆற்றிலிருந்து மலைக்குப் போகிறது என்று நிரப்பினால், இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும், பச்சையும் மஞ்சளும் சரியாகிவிடும். ஒரே ஒரு இடைஞ்சல்தான். பெரிய ஆற்றில் போய்ச் சேர்வது துணையாறு. பெரிய ஆற்றிலிருந்து பிரிந்து போவது கிளையாறு. அரசிதழில் துணையாறு என்று இருந்தது.

"துணை, கிளை" என்று துறை இயக்குநர் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "ரெண்டும் ரெண்டெழுத்து. ரெண்டும் ஐகாரத்துல முடியுது. இதுக்குப் பேரு எழுத்துப் பிழைதான். எழுத்துப் பிழையத் திருத்த விதியில இடம் இருக்கு."

மறுவாரம் திருத்தச் சீட்டு வந்தது. எழுபத்தொன்றாம் தாளில் துணை என்பதைக் கிளை என்று படிக்கவும்.

"அப்ப வெள்ளப் பிரிவோட திட்டம்?" என்று அழியாக்கோடு கேட்டுப் பார்த்தார். "அதுல பள்ளத்தைத்தானே இடதுன்னு வெச்சு எழுதியிருக்காங்க."

"அவங்க இடதுன்னு எழுதியிருக்காங்க, நாமளும் இடதுன்னு எழுதியிருக்கோம். ரெண்டு பிரிவும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பாத்ததில்ல" என்றார் கண்காணிப்பாளர். "நீங்க ஒரு அம்புக்குறி மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. கீழேருந்து மேல. உங்க கையால போட்டாதான் நல்லாயிருக்கும்."

அவர் போட்டார். இதை எப்படிச் சொன்னாலும் பூசி மெழுகிய மாதிரிதான் ஆகும், ஆகவே நேராகச் சொல்லிவிடலாம். முதல் தடவை தப்புச் செய்தது இடுப்புப் பிடிப்பு. இரண்டாம் தடவை இடுப்பு நன்றாக இருந்தது, தாள் நேராக இருந்தது, வெளிச்சம் போதுமானதாக இருந்தது. மலையைப் பார்த்து ஏறுகிற ஓர் அம்புக்குறியை, பிசிறில்லாமல், ஒரே இழுப்பில் போட்டார். சுற்றி நின்ற நாலு பேர் 'அடடா' என்றார்கள். தான் மறுத்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது யோசித்தார். ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள், வேறு ஆளை விட்டுப் போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டிருந்தால் அந்தக் கோடு கோணலாக வந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காக அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

திருத்தச் சீட்டோடு விட்டிருக்கலாம். துறை விடவில்லை. கிளையாற்றின் ஓட்டத்தை நேரில் சரிபார்க்கும் நிகழ்ச்சி என்று பாலத்தின் மேல் பந்தல் போட்டார்கள். எல்லா அதிகாரிகளும் வடக்கைப் பார்த்து நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. சிலர் மறந்துபோய்த் தெற்கே பார்த்தார்கள், அவர்களைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு அத்தானின் பேருந்தைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திவைத்திருந்ததால் அவரும் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். அக்கா புடவையை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றாள்.

"இதோ இந்த ஆறு முழுக்க எங்க வீட்டுப் பையன் வரைஞ்சதுதான்" என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அழியாக்கோடு பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, இதுநாள்வரை இந்த ஆறு பிறரோடு போய்ச் சேர்கிற ஆறாக, இன்னொருவருக்குத் துணையாக, அடக்கமாக வாழ்ந்துவந்தது. இன்று முதல் இது தனித்துப் பிரிந்து உயரத்தை நோக்கிச் செல்கிறது. மலையேறும் ஆறு உலகத்தில் எத்தனை துறைகளிடம் இருக்கிறது? நாங்கள் தண்ணீரைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. தண்ணீர் இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கும், நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும். பதிவேடு அப்படியா? இங்கே வசிக்கிற மக்களை நாங்கள் சிரமப்படுத்தவில்லை. ஒருவரையும் ஓர் அடிகூட நகர்த்தாமல் கரையை மாற்றிக் கொடுத்திருக்கிறோம்."

கைதட்டினார்கள். அத்தான் கையைத் தூக்கினார்.

"ஐயா, தண்ணி தெக்கதான போயிட்டிருக்கு."

"இப்போ போகுது. இது கோடைக்காலம்" என்றார் இயக்குநர்.

"மழைக்காலத்துல?"

"வேகமாப் போகும்."

பிறகு மிதவையைப் போட்டார்கள். ஆற்றின் ஓட்டத்தை அளக்கிறவர்கள் போடும் சிறிய மரக்கட்டை அது, சிவப்புச் சாயம் பூசியது. இயக்குநர் அதை வடக்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலாகத் தண்ணீரில் விட்டார். அது பாலத்துக்கு அடியில் புகுந்து தெற்குப் பக்கம் வெளியே வந்து தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வடக்கைப் பார்த்து நின்றவர்கள் எவருக்கும் அது தெரியவில்லை. நிகழ்ச்சிக் குறிப்பில் கண்காணிப்பாளர் இப்படி எழுதினார்: மிதவை ஓட்டத்தை மீறி எதிர்த்திசையில் சென்றது. மிதவை குறைபாடுள்ளது. மாற்றப்பட வேண்டும்.

கூட்டம் கலையும்போது அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க சிரிச்சோம்னு மனசுல வெச்சுக்காதே. நீ இருக்கற எடத்துல தப்பு நடக்காதுன்னு உங்க அத்தான்கிட்ட அன்னைக்கே சொன்னேன்" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். பாலத்தின் மேல், பகல் வெளிச்சத்தில், எல்லாரும் இருக்கும்போது, வாயைத் திறந்து நாலு வார்த்தை. அவர் "வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போக்கா" என்றார்.

மழை அதற்கு எட்டாம் மாதம் வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை துறையிலிருந்து உத்தரவு போனது: இடது கரை உடனே காலி செய்யப்பட வேண்டும், மக்கள் வலது கரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவரப்பட வேண்டும். மேட்டில் சௌக்கியமாக இருந்தவர்களை வண்டி வைத்துப் பள்ளத்துக்கு இறக்கினார்கள். மூன்றாம் மாடியில் அழியாக்கோடு அந்த நாளின் வரைபடத்துக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தார். பள்ளத்துக்கு மஞ்சள் பூச வேண்டும். மஞ்சள் என்றால் பாதுகாப்பு. தூரிகையை நனைத்தார், தாளின் மேல் கொண்டுபோனார், கை இறங்கவில்லை. தூரிகையைப் போட்டுவிட்டு எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, உடனே கிளம்பு. மேட்டுக்குப் போயிடுங்க."

"எப்படிடா கிளம்பறது? மேட்டு ஆளுங்க எல்லாம் இங்க பள்ளிக்கூடத்துல வந்து இறங்கியிருக்காங்க, கொழந்தைங்க, வயசானவங்கன்னு. நாங்க நாலஞ்சு பேருதான் அவங்களப் பாத்துக்கிட்டிருக்கோம். வலது கரைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்க ஆபீஸ்தான சொல்லியிருக்கு."

"நீங்க வலது கரை இல்லக்கா. இடது கரை. நான் தாளைத் தலைகீழா வெச்சுக் கரைய மாத்திப் பூசிட்டேன். என் தப்பு."

கூரையில் விழும் மழைச் சத்தத்துக்கு மேல் அக்காவின் குரல் கேட்டது.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தார். காலையில்தான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"நீ கடுதாசி வந்திருக்குன்னு கூப்பிட்டியே, அன்னைக்கு."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அரைமணி கழித்து அத்தான் கூப்பிட்டார். பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்திருக்கிறார், காவலர் விடவில்லை. "உத்தரவுல என்ன வார்த்தை போட்டிருக்கு? ஒரு எழுத்து விடாமப் படி" என்றார்.

அழியாக்கோடு படித்தார். "வலது கரையிலிருந்து இடது கரை நோக்கி எந்த வண்டியும் செல்லக் கூடாது. வலது கரை நோக்கிச் செல்லும் வண்டிகளை மட்டும் அனுமதிக்கவும்."

"நோக்கின்னா போட்டிருக்கு?"

"ஆமா அத்தான். நோக்கி."

"வெச்சிடாதே, அப்படியே இரு." அத்தான் பேருந்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு காவலரிடம் பேசுவது கேட்டது. "ஐயா, வண்டி மூஞ்சி இப்போ எந்தக் கரைய நோக்கி இருக்கு? வலது கரையத்தான? நான் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டுதான் ஓட்டப்போறேன். ஆறே பின்பக்கமாப் போகலாம்னா பஸ்ஸு போகக்கூடாதா?"

காவலர் உத்தரவை இரண்டு தடவை படித்தார் போலிருக்கிறது. அவருடைய மனைவி மக்களும் மேட்டிலிருந்து இறக்கிவிடப்பட்டு அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. "நோக்கித்தான் இருக்கு, போங்க" என்றார். அத்தான் பேருந்தைப் பின்பக்கமாகவே பாலத்தைக் கடக்கவைத்தார். அப்படி ஒன்பது நடை. கடைசி நடையில் பாலத்தின் மேல் முழங்கால் தண்ணீர் ஓடியது. பிற்பகலில் பள்ளத்தில் பள்ளிக்கூடத்தின் கூரை மட்டும் தெரிந்தது. அக்காவின் வீடு தெரியவில்லை.

ஆள் சேதம் இல்லை. இதைத் துறை தன் வெற்றியாக எழுதிக்கொண்டது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பெரிய ஆறும் கரைபுரண்டு வந்ததால், அந்தத் தண்ணீர் சின்ன ஆற்றின் வாய்க்குள் புகுந்து மூன்று மணி நேரம் மேல்நோக்கி ஏறியிருந்தது. பெரிய ஆறு நிரம்பினால் எந்தத் துணையாற்றுக்கும் நேர்வதுதான். இயக்குநர் துள்ளிக் குதித்தார். ஆறு பதிவேட்டுக்குக் கட்டுப்பட்டது என்று அறிக்கையின் முதல் வரி ஆரம்பித்தது. மீதி நாட்களிலும் அது கட்டுப்பட வேண்டும் என்று கடைசி வரி கேட்டுக்கொண்டது.

அழியாக்கோடு அன்றே மூன்று பக்கத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதினார். இடுப்புப் பிடிப்பு, தலைகீழ்த் தாள், பச்சை, மஞ்சள், தெரிந்தே போட்ட அம்புக்குறி, ஒன்றையும் விடவில்லை. தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். பத்து நாளில் பதில் வந்தது. தாங்கள் குறிப்பிட்டுள்ள பிழை, விதியில் உள்ள மூன்று வகைகளில் எதிலும் அடங்காததால், அது பிழை அல்ல என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது. மேலும், தங்கள் மனுவில் பல இடங்களில் 'இடது' என்று வருகிறது. அது எந்த இடது என்று தெளிவுபடுத்தி மறுமனு அளிக்கவும்.

அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் மடித்துவைத்துக்கொண்டு அவர் அக்காவைப் பார்க்கப் போனார். மேட்டில் ஒரு வீட்டின் முன்னறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். பாதி வழிவரைக்கும், என்னென்ன சொல்லித் திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். மீதி வழியில், திட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டு நடந்தார். சின்ன வயதில் அவருடைய பல்பத்தைப் பிடுங்கித் தலையில் குட்டிய கை அது. நன்றாக நாலு குட்டு வைத்தால் தேவலை.

அக்கா ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வாங்க" என்றாள்.

அவர் தன் பின்னால் எவராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டாள். "உக்காருங்க. நடந்தா வந்தீங்க? களைச்சிருப்பீங்க" என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினாள். குரலில் கோபம் இல்லை. அத்தான் பேருந்துக்குப் போயிருக்கிறார் என்றாள், சாயந்திரம் வருவார் என்றாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

"அக்கா, என்னைத் திட்டு."

"உங்களைத் திட்டறதுக்கு என்ன இருக்கு? நீங்க ஆபீஸ் வேலையத்தான பாத்தீங்க."

"வாடான்னு ஒரு தடவ கூப்பிடுக்கா."

அவள் அவரை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். உதடு அசைந்தது. சொல்லிப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. வரவில்லை.

"கூப்பிடறேன்" என்றாள். "கொஞ்ச நாள் ஆகட்டுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு அந்தத் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.